'இடம் இல்லை' என்றால் எழுதிக் கேளுங்கள்!

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும். அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், இந்தப் பக்கம் பூந்தமல்லி என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். "உங்க பையனுக்கு எந்த ஸ்கூல்ல சீட் கிடைச்சுது?" காய்கறிக் கடையிலும் இதே கேள்வி, எலெக்ட்ரிக் ரயிலிலும் இதே கேள்வி.

சில வீடுகளில் மட்டும் இந்தப் பேச்சை எடுத்தால் குரல் தாழ்ந்துவிடும். நாலு வயதாகியும் பேசாத குழந்தை இருக்கும் வீடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தை இருக்கும் வீடு. மூன்றாம் வகுப்பு வந்தும் 'ப'வையும் 'ம'வையும் மாற்றி எழுதுவதால் 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய பிள்ளை இருக்கும் வீடு. இந்தப் பெற்றோர் நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருப்பார்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் பதில் ஒன்றே. "நாங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலைங்க... உங்க குழந்தைக்கு எங்க ஸ்கூல் சரிப்படாது. வேற நல்ல இடமாப் பாருங்களேன்!"

பாருங்கள், எவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்துகிறார்கள்!

நான் சித்த மருத்துவன். வக்கீல் இல்லை. ஆனாலும் இந்த மேற்குப் பகுதியில் இத்தனை வருஷம் பிராக்டீஸ் செய்ததில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது சூரணமோ லேகியமோ இல்லை; அவர்கள் பிள்ளைக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது என்ற தகவல்தான். அதனால்தான் இந்த மாதம் மருந்தை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சட்டம் யார் பக்கம்?

இரண்டு சட்டங்களைப் பெற்றோர்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கல்வி உரிமைச் சட்டம். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவச, கட்டாயக் கல்வி. சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ 'இன்டர்வியூ' வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. ஆக, "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று உங்களை நெருக்குவதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. நீங்களாக எழுதிக் கொடுத்தால்தான் டி.சி. அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்!

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிவடைந்தோருக்கு என்று இருக்கிறதல்லவா? 2012-ல் வந்த திருத்தத்தின்படி மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் நல்ல வேலையில இருக்கார், எங்களுக்கெல்லாம் ஆர்.டி.இ. வராது" என்று பலர் நினைக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான பிரிவு வேறு, இந்தப் பிரிவு வேறு. ஆன்லைன் விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் இந்தச் சேர்க்கை தாமதமாகி, பள்ளிகள் திறந்து பல மாதம் கழித்துத்தான் தொடங்கியது. எனவே ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பை நீங்களேதான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பேச்சுக் குறைபாடு எல்லாம் இதில் அடங்கும். 'டிஸ்லெக்சியா' என்று நாம் சொல்லும் கற்றல் குறைபாடும் உண்டு. அரசு நிதி பெறும் பள்ளியானாலும், அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தை வசதியாக அமைக்க வேண்டும், குழந்தைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிப்பதும் பள்ளியின் கடமைகளில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாத குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அது வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதில் விருப்பம் குழந்தையின் பக்கம். "உங்க பிள்ளை ஸ்பெஷல் ஸ்கூலுக்குத்தான் போகணும்" என்று ஒரு தலைமையாசிரியர் தீர்ப்புச் சொல்ல முடியாது. யோசனை சொல்லலாம். அவ்வளவுதான்.

வாய்ப் பேச்சு வேண்டாம்

சரி, சட்டம் இருக்கிறது. அப்புறம் ஏன் இத்தனை பேர் அலைகிறார்கள்?

காரணம் சுலபம். மறுப்பு எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கிறது. "பார்க்கலாம்", "சொல்லியனுப்பறோம்", "இந்த வருஷம் ஸ்பெஷல் டீச்சர் இல்லை", "தனியா ஒரு ஆள் வச்சு நீங்களே சம்பளம் கொடுத்தா யோசிக்கலாம்". இதில் ஒரு வார்த்தையாவது காகிதத்தில் இருக்கிறதா? கிடையாது. காகிதம் இல்லையென்றால் புகார் இல்லை. புகார் இல்லையென்றால், அப்படி ஒரு குழந்தை வாசல்வரை வந்து திரும்பியதே கணக்கில் வராது.

அதனால் நான் சொல்வது இதுதான். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். தேதி போடுங்கள். நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'இடம் இல்லை' என்றால், காரணத்தை எழுதித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். சண்டை வேண்டாம், கோபம் வேண்டாம். நாலே வரி போதும். குழந்தையின் பெயர், வயது, சேர விரும்பும் வகுப்பு, "2016 சட்டத்தின்படி சேர்க்கை கோருகிறேன், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்."

இந்த நாலு வரிக் கடிதம் போனதும் 'பார்க்கலாம்' என்ற பேச்சு 'திங்கட்கிழமை வாங்க' என்று மாறியதை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று சொல்லமாட்டேன். மாறாவிட்டால் அடுத்த படி ஏறுங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. "அவர் யார்?" என்று அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அங்கேயும் நடக்கவில்லையா? சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சிவில் கோர்ட்டைப் போல ஆட்களை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

நம் பகுதியில் ஒரு குழப்பம்

மேற்குப் புறநகரில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 2018-ல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கியபோது அம்பத்தூர் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆக, அம்பத்தூர்க்காரர் சென்னை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மூன்று ஸ்டேஷன் தள்ளி ஆவடியில் இருப்பவர் திருவள்ளூருக்குப் போக வேண்டும். இது தெரியாமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், "இது உங்க மாவட்டம் இல்லைம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். கிளம்பும் முன் ரேஷன் கார்டில் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடையாள அட்டை வாங்கினால் பட்டப்பெயரா?

"டாக்டரய்யா, கார்டு வாங்கிட்டா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா? நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளை பார்க்கிறப்போ...?" நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. அதிலும் குழந்தையின் தாத்தா, பாட்டிகளுக்குத்தான் இந்தப் பயம் அதிகம். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லியே இரண்டு வருஷத்தைக் கடத்திவிடுவார்கள்.

பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மறைத்துச் சேர்த்த குழந்தைக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. வகுப்பில் எழுந்து ஓடினால் 'அடங்காதவன்'. எழுத்து வராவிட்டால் 'மக்கு'. பட்டப்பெயர் எப்படியும் வந்துவிடுகிறது. பாதுகாப்புதான் வருவதில்லை. குறைபாட்டைச் சொல்லிச் சேர்த்த குழந்தைக்கோ, பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப் பாடத்தில் விலக்கு என்று எத்தனையோ வழிகள் திறக்கின்றன. மேல்படிப்பில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் உண்டு. பத்தாம் வகுப்பில் போய் ஓடுவதைவிட, முன்கூட்டியே சான்றிதழ் இருந்தால் இவையெல்லாம் சுலபம்.

இந்தச் சான்றிதழை என்னைப் போன்ற சித்த மருத்துவரோ, உங்கள் குடும்ப டாக்டரோ கொடுத்தால் செல்லாது. அரசு நியமித்த மருத்துவக் குழுதான் தர வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயது, அதாவது மூன்றாம் வகுப்புக்குப் பிறகுதான் சான்றிதழ். பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை. 18-ல் தருவது ஆயுளுக்கும் செல்லும். மற்றக் குறைபாடுகளுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொரு செய்தி. ஆவடியில் மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் அதிகம். உங்களுக்குக் கிடைக்கும் பிள்ளைகளின் கல்விப் படி, மாற்றுத்திறன் குழந்தையாக இருந்தால் இரண்டு மடங்கு. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்காக 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவீதமானால் 1,25,000. இவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

இதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். பெயர் பெற்ற சிறப்புக் கல்வி நிறுவனங்கள் பலவும் நகரத்தின் தென்பக்கம். வித்யாசாகர் கோட்டூர்புரத்தில், தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி தரமணியில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். பட்டாபிராமிலிருந்து முட்டுக்காடு போய் வருவது என்றால் அரை நாள் ரோட்டிலேயே போய்விடும். பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் போகலாம், போக வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையைத் தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைக்கழித்தால், வகுப்பில் உட்காரும்போது அதற்குத் தெம்பு எங்கே இருக்கும்? தாய் வேலையை விட வேண்டி வரும். வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளையைக் கவனிக்க ஆள் இருக்காது.

பார்வைக் குறைபாட்டைப் பொறுத்தவரை நம் பகுதி கொடுத்து வைத்தது. பூந்தமல்லியிலேயே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. பிரெய்லியும், கைத்தடி பிடித்து நடக்கும் பயிற்சியும் முறையாகக் கற்றுக்கொள்ள இப்படிப்பட்ட இடம் கட்டாயம் வேண்டும். காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழியும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களைப் போன்ற தோழர்கள் கிடைப்பதே பெரிய பலம்.

மற்றபடி லேசான, நடுத்தர அளவில் அறிவுத்திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம், கற்றல் குறைபாடு, ஓரளவு பேசிப் பழகும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நான் பக்கத்துத் தெருப் பள்ளியைத்தான் சொல்வேன். காரணம் இது. இந்தக் குழந்தை நாளைக்கு வாழப்போவது இதே தெருவில்தான். பால் வாங்கப் போகும்போது "டேய், இவன் என் கிளாஸ்மேட்" என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரை எந்தத் தெரபியும் கொடுக்காது. மற்றப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். விட்டுக்கொடுக்கவும், ஒருவருக்காகக் காத்திருக்கவும் அவர்கள் வேறு எங்கே படிக்கப் போகிறார்கள்?

'பக்கத்துப் பள்ளி' என்றால் தனியார் பள்ளி என்றே நினைக்காதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். மருத்துவ முகாம் நடக்கிறது, உபகரணம் தருகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத நிலையில் இருக்கும் குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். நடுத்தரக் குடும்பங்கள் கௌரவம் பார்த்து இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. மாதம் பல ஆயிரம் ஃபீஸ் கட்டிக் கடைசி பெஞ்சில் பிள்ளையை உட்கார வைப்பதைவிட, கவனிக்க ஆள் இருக்கும் பள்ளி எதுவோ அதுதான் நல்ல பள்ளி.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு

"நாப்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?" என்று ஒரு டீச்சர் கேட்டால் அதைத் தள்ளிவிட முடியாது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் நிரந்தரச் சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்கும்படி அரசுகளுக்கு உத்தரவிட்டது. தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் 15-க்கு ஒருவர் என்பது கணக்கு. ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடுகிற நிலை இருந்தால் குழந்தைக்கும் பலன் இல்லை, அவருக்கும் நிம்மதி இல்லை. ஒப்பந்த ஊதியத்தில் வருஷக்கணக்காக வைத்திருந்தால் எப்படி மனம் ஊன்றி வேலை செய்வார்? இந்த இடங்களை நிரப்புவது அரசின் பொறுப்பு. அதைக் கேட்க வேண்டியது பெற்றோர்கள்.

சேர்த்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. இந்த வருஷம் பிள்ளை எதைக் கற்க வேண்டும், யார் சொல்லித்தருவது, எப்போது சரிபார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் 1975-லேயே இப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் 2016 சட்டமும் ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவரின் முன்னேற்றத்தையும் பள்ளி கண்காணிக்க வேண்டும் என்கிறது. 'தானாகச் சிறுநீர் கழிக்கப் போவது', 'பத்து நிமிஷம் உட்காருவது', 'தன் பெயரை எழுதுவது' என்று இருந்தாலும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். குறை சொல்ல மட்டும் போகாமல், நடந்த நல்லதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மருந்து மருந்து என்று அலையாதீர்கள்

வைத்தியன் வாயால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியில் குழந்தை மருத்துவத்தைப் 'பாலவாகடம்' என்று படித்தோம். மாந்தம், கணம், தோஷம் என்று குழந்தை நோய்களை எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்! அந்தப் படிப்பில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு சொல்கிறேன். ஆட்டிசத்தையோ அறிவுத்திறன் குறைபாட்டையோ முழுதாகக் 'குணப்படுத்தும்' மருந்து எந்த மருத்துவத்திலும் இல்லை. மலச்சிக்கலைச் சரிசெய்யலாம், பசியைத் தூண்டலாம், தூக்கத்தைச் சீராக்கலாம். வயிறு லேசாகி நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை வகுப்பில் அமைதியாக இருக்கும். மருத்துவரின் வேலை அந்த அளவுக்குத்தான். வல்லாரைத் துவையல் நல்ல உணவு, செய்து கொடுங்கள். பேச்சு வரும் என்று எண்ணி அதையே நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

"ஆறே மாசத்துல பேச வைக்கிறேன், அதுவரைக்கும் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க" என்று எவர் சொன்னாலும், எந்த முறை வைத்தியராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். பெயர், தயாரித்த இடம், உரிம எண் எதுவும் இல்லாத பற்பம், செந்தூரம் பொட்டலங்களைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. உலோகம் கலந்த மருந்து சரியாக முடிக்கப்படவில்லையென்றால் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுத்துவிடும். பேச்சு வராத குழந்தைக்கு முதல் வேலை காது பரிசோதனை. பிறகு பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, பள்ளிக்கூடம். ஆறு வயதுக்குள் மூளை கற்றுக்கொள்ளும் வேகம் பிறகு வராது. மருந்துக்காகக் காத்திருந்து இழந்த வருஷத்தை எந்தச் சூரணமும் திருப்பித் தராது.

பெற்றோர்களே, செய்ய வேண்டியவை இவ்வளவுதான். காது, கண், வளர்ச்சிப் பரிசோதனையை இந்த மாதமே முடியுங்கள். உங்கள் மாவட்டம் எது என்று பார்த்துச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளை, அரசுப் பள்ளி உட்பட, நேரில் போய்ப் பாருங்கள். பிடித்த பள்ளிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒரு ஃபைல் வாங்கி எல்லாக் காகிதத்தையும் தேதி வரிசையில் கோத்து வையுங்கள். தெருவில் உங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பம் இருந்தால் சேர்ந்தே போங்கள். தனியாகப் போகிற தாயிடம் பேசுகிற தொனி வேறு, மூன்று குடும்பமாகப் போனால் பேசுகிற தொனி வேறு. பள்ளியின் பதில் எதுவானாலும் அந்தத் தேதியையும் எழுதி ஃபைலில் வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அது உதவும்.